ஐம்பது ஹெர்ட்ஸ்

நூற்று நாற்பது ஸ்லோத்திக்கு
பேரமில்லாமல் கொடுத்துவிட்டான் லெஹோஸ்வாவ்.
கல்யாணக் கச்சேரிகளில் பதினோரு வருஷம்
வேனின் பின்பக்கத்தில் உருண்ட பெட்டி.
ஒரு திருகு காணோம்.
அந்தத் தண்டில் பற்பசை மூடியைச் சொருகியிருந்தான்.
"உள்ளே ட்யூப் இருக்கு, ட்யூப்" என்றான் இரண்டு தரம்,
வீட்டில் பியானோ இருப்பதைச் சொல்கிறவன் மாதிரி.

வூச் நகரத்தில்
கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்பு எங்களுடையது.
ஒருவர் தும்மினால் மூன்று மாடி வாழ்த்தும்.
என் ஆம்ப் வாய்திறந்த கடைசி இரவில்
கீழ்வீட்டு ஷ்விதெர்ஸ்கி துடைப்பக் கட்டையால் இடித்தார்.
மறுநாள் ஒரு கடிதம்,
அதற்கடுத்த வாரம் முத்திரை குத்திய இன்னொன்று.
ஆம்பை விற்ற காசில்தான் இந்தப் பெட்டி.

கடைசி டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
பன்னிரண்டரைக்குச் சமையலறை.
ரொட்டித்தூளைத் துடைத்த இடத்தில்
மடிக்கணினி, ஹெட்ஃபோன், மடியில் பாஸ் கிட்டார்.
கம்பியிலிருந்து வயர், வயரிலிருந்து ட்யூப்,
ட்யூபிலிருந்து நேரே கணினிக்குள்.
நடுவில் காற்று என்ற ஒன்றே கிடையாது.
கெட்டிலுக்குத் தெரியாது, தொட்டிச் செடிக்குத் தெரியாது;
என் இரண்டு காதுகளுக்குள் மட்டும்
ஒரு சரக்கு ரயில் அவசரமில்லாமல் போகும்.

இவோனா வ்ரோத்ஸ்வாவிலிருந்து டிரம்ஸ் அனுப்பியிருந்தாள்.
அதன்மேல் நான் நடக்க வேண்டும்.
முதல் பதிவில் ஒரு உறுமல்.
குளிர்சாதனப் பெட்டியைப் பிடுங்கினேன், விளக்கை அணைத்தேன்,
மின்தூக்கி ஓய்கிற வரை காத்திருந்தேன்.
பிறகு பெட்டியின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச்:
தரையை விட்டுவிடு என்கிற சுவிட்ச்.
தள்ளினேன். உறுமல் முக்கால்வாசி போயிற்று.
மீதிக் கால்வாசி போக மறுத்தது.
அது எந்தச் சுரம் என்று தேடினேன், தடித்த கம்பியில்.
மூன்றாம் ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் மேலே,
நான்காம் ஃப்ரெட்டுக்கு நன்றாகக் கீழே.
ஐம்பது ஹெர்ட்ஸ்.
சுவருக்குள் ஓடுகிற மின்சாரம்
யாரும் கேட்காமலே பாடிக்கொண்டிருந்தது.
நான்கு கம்பிகளையும் அதற்கு ஏற்றினேன்.
டிரம்ஸுக்கு இதில் ஆட்சேபம் இருக்கப் போவதில்லை.

ஐந்தாம் பதிவில் ஒரு கரகரப்பு.
அணைத்து, ஆறவிட்டு, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன்.
அதுவரை சின்னக் கண்ணாடி ஜன்னலில்
ஆரஞ்சாகத் தகதகத்தது ட்யூப் என்று நம்பியிருந்தேன்.
சூடேறட்டும் என்று தினமும் இருபது நிமிஷம்
அதன் எதிரே தேநீரோடு உட்கார்ந்திருந்தேன்.
ட்யூபுக்குப் பின்னால்,
அரிசி அளவுக்கு,
ஒரு எல்.ஈ.டி. பல்பு.
ஆள் பாதி, ஆடை பாதி!
நடுராத்திரியில் தனியாகச் சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு.
பல்பின் வயரை நறுக்கினேன்.
ட்யூபின் கால்களைத் துடைத்துத் திரும்ப உட்காரவைத்தேன்.
மூடாமல் மின்சாரம் கொடுத்தபோது
அதன் அடியில், இருட்டில் குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற
ஒரு சிவப்பு நூல்.
கரகரப்பு இல்லை.
மற்றபடி முன்பு கேட்ட அதே குரல்,
ஓரத்தில் லேசாகக் கருகிய வெங்காயம் மாதிரி.

ஏழாவது பதிவை அனுப்பத் தயாராக வைத்துத் தூங்கினேன்.

காலையில் மின்தூக்கியில் ஷ்விதெர்ஸ்கி.
நீச்சல் பயிற்சியாளர்; கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச்.
"இப்போதெல்லாம் சத்தமே இல்லை, போஜெனா அம்மா.
உங்கள் குதிகால் மட்டும்தான் கேட்கிறது."
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"ஒவ்வொரு நான்காவது சுற்றிலும்
திரும்பும்போது பின்தங்குகிறீர்கள்" என்றார்.
இரண்டாம் மாடியில் யாரோ ஏறினார்கள்.
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பணிமனை வரைக்கும் ஹெட்ஃபோனில் ஏழாவது பதிவு.
நான்காவது சுற்று. எட்டாவது. பன்னிரண்டாவது.
பாழாய்ப்போன மனுஷன்.

இன்றிரவு மேஜையைத் துடைத்து,
துண்டை நான்காய் மடித்துக் காலடியில் போட்டேன்.
பதிவுப் பொத்தானை அமுக்கப் போகிற நேரத்தில்
எடுத்துவிட்டேன்.