வாளி

இன்று பதினோராம் தேதி.
மாதத்தின் முதல் பத்து நாள் காட்டில் காளான் பறிக்கக் கூடாது.
கிரௌபுண்டன் மாநிலத்தில் அது சட்டம்.
ஆகவே தீயணைப்பு நிலையத்தின் பின்னறை வாசலில்
இன்று மழைக்கோட்டுகளின் வரிசை.
மேசைமேல் நேற்றைய செய்தித்தாள்,
ஒரு சிறு கத்தி, ஒரு பூதக்கண்ணாடி.
மேசைக்குக் கீழே மூடியிட்ட சிவப்பு வாளி.
உள்ளே வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்
அதைத்தான் பார்க்கிறார்கள்.

பாதிரியார் கூடையானாலும் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.
இது சாந்தரெல்.
அடியில் இருப்பது செவுள் அல்ல, மடிப்பு;
காம்பில் பாதிவரை இறங்கி ஓடும்.
ஆப்ரிகாட் வாசனை. போகலாம்.
இதில் புழுக்கள் ஏற்கெனவே பந்தி முடித்துவிட்டன.
இது என்னவென்று எனக்குத் தெரியாது.
தெரியாதது வாளிக்கு.
இருபத்தாறு வருடத்தில் இந்த அறையில்
நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.
சம்பளம் தருவதும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

கௌடென்ஸ் கஃப்லிஷ் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.
"பச்சை ருசுலா. அதே ஓக் மரத்தடி.
ஒரு முத்திரை குத்துங்கள், போகிறேன்."
ஒன்பது ருசுலா.
காம்பை வளைத்தால் சாக்பீஸ் போல
டக்கென்று ஒடியும் நல்ல ருசுலா.
பத்தாவதில் என் கை நின்றது.
அதே வெளிறிய பச்சை.
ஆனால் காம்பைச் சுற்றிக்
கிழிந்த பாவாடை விளிம்பு போல ஒரு வளையம்.
வளைத்தேன். ஒடியவில்லை.
நாராகப் பிரிந்தது.
"அடிப்பகுதி எங்கே?"
"கத்தியால் அறுத்தேன். கூடை சுத்தமாக இருக்குமே."
சுத்தமாகத்தான் இருந்தது.
பெயரைச் சொல்லிவிடும் அந்த வெள்ளைப் பையை
மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு,
கைரேகையைத் துடைத்து
ஆளை மட்டும் கூட்டி வந்திருக்கிறார்.

மொத்தக் கூடையும் வாளிக்கு என்றேன்.
"ஒன்றுக்காகவா?"
ஒரு குடம் பாலுக்கு எத்தனை துளி வேண்டும், கௌடென்ஸ்?
ருசியாக இருக்குமாம். பிழைத்தவர்கள் சொன்னது.
வேகவைத்தாலும் சாகாது.
முதல் நாள் ஒன்றும் தெரியாது.
அப்புறம் ஓர் இரவு முழுக்க வாந்தி.
அதற்கும் அப்புறம் ஒரு நல்ல நாள் வரும்:
சூப் கேட்பார்கள், பேப்பர் கேட்பார்கள்,
பார்க்க வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.
அந்த நல்ல நாளில்தான் ஈரல்

அவர் முகம் மாறியதைப் பார்த்து நிறுத்தினேன்.
"எவ்வளவு பறித்தீர்கள்?"
"இதைப்போல இரண்டு மடங்கு."
"மீதி?"
"ஒட்டிலியாவுக்கு."

வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.
வேலிக்கு மேலே சாய்ந்த ஒரு பேரிக்காய்க் கிளைக்காக
ஏழு வருடம் வக்கீல் கடிதம் மட்டுமே போய்வந்த வீடு அது.
இன்று காலையில் காகிதப் பை ஒன்றை
அவள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார்.
மணியடிக்கவில்லை.
அவள் எண் அவரிடம் இல்லை.
என்னிடம் இருந்தது.
ஒன்பதாவது மணியில் எடுத்தாள்.

"சாப்பிட்டாயா?"
"எதை? அவன் பையையா?"
சிரித்தாள். அறை முழுக்கக் கேட்டது.
"அவன் தருவதை நான் வாயில் வைப்பேனா?
நேராக உரக்குழிக்குப் போயிற்று."

கௌடென்ஸ் சுவரில் சாய்ந்தார்.
அப்பாடா என்பது முதலில் வந்தது.
அதன் பின்னால் வேறொன்று வந்தது.
அதை நான் வகைப்படுத்த முயலவில்லை.

"கையுறை போட்டுத் தோண்டி எடுத்து வா" என்றேன்.
"நாளைக்கு."
"இப்போதே. கோழிகள் உண்டல்லவா உன்னிடம்."

ஆறு மணிக்கு மூடவேண்டிய அறை.
ஏழரைக்கு வந்தாள், ரப்பர் பூட்ஸோடு,
முட்டையோடு ஒட்டியிருந்த ஏழு காளான்களோடு.
அவர் இன்னும் போகவில்லை.
வெளியே விளக்கடியில்
துடைத்த கத்தியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டைப் பிரித்துத் தனியே வைத்தேன்.
"மீதி ஐந்து?" என்றாள்.
"நல்ல ருசுலா."
"நிஜமாகவே நல்லதா?"
"நல்லது. ஆனால் இவற்றோடு கிடந்தவை."
கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஏழையும் வாளியில் போட்டு
மூடியை அழுத்தினேன்.