ஃபிரேம் 41,206

தொண்டி. ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
கீழே கம்ப்ரெஸர் உறுமும்போதெல்லாம்
குழல்விளக்கு ஒருதரம் கண்ணை மூடித் திறக்கும்.
அதனால் அளந்து பார்க்கிற வேலை எதையும்
நடுச்சாமத்துக்குப் பிறகே தொடங்குவேன்.

பழைய கார்டைக் கழற்றி
என் கையில் வைத்தான் வாழவந்தான்.
ஆறு வருஷக் கடற்காற்று.
விசிறி இடுக்கில் உப்பு, ஒரு பல்லிமுட்டை ஓடு,
செம்பு தெரிந்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு.
"இது இன்னும் ஓடுதுன்னு
செஞ்சவனுக்கே தெரியாதுக்கா."

புதியது
ராமநாதபுரம் பஸ்ஸில் என் மடியில் வந்தது.
மூன்று விசிறி, இரண்டு செங்கல் கனம்.
அதற்கு இடம் விட
பெட்டிக்குள் ஒரு தகட்டை அறுத்தே எடுத்தோம்.

இரண்டுக்கும் ஒரே வீடியோ:
முஸம்மில் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த வடகடல்,
நாற்பது நிமிஷம்,
தாழை கறுத்துக் கிடக்கும் இரண்டு பாகத் தண்ணீர்.
இரண்டுக்கும் ஒரே வேலை:
ஆவுளியாவை எண்ணு.

பழையது
ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்.
எண்பத்துமூன்று டிகிரி.
ஆறு.

புதியது
நான் டீ குடித்துத் திரும்பிய முப்பத்தொரு நிமிஷம்.
அறுபத்தொரு டிகிரி.
ஏழு.

வேகத்துக்கு ஆயத்தமாய் இருந்தேன்.
இதற்கு இல்லை.

தேடிப் போனேன். ஃபிரேம் 41,206.
ஆறாவதன் விலாவோரம்
ஒட்டியும் ஒட்டாமலும்
கட்டைவிரல் நகமளவு இன்னொரு நிழல்.

"பழசுக்குக் கண்ணு போயிருச்சு" என்றான் வாழவந்தான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்,
பிறகு
என் கைப்பட எழுதிய பழைய வரி ஒன்று
கண்ணில் படும்வரை.
ஆறு ஜிபிக்குள் அடங்கவேண்டுமே என்று
ஒவ்வொரு படத்தையும் கால்வாசியாய்ச் சுருக்கி
அதற்கு ஊட்டச் சொன்ன வரி.
மூன்று வருஷமாய்
அது அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தது.

அதே சுருக்கிய கடலைப் புதியதற்கும் கொடுத்தேன்.
இரண்டே நிமிஷம்.
ஆறு என்றது, வெட்கமில்லாமல்.

முழுக்கடலைப் பழையதற்குக் கொடுத்தேன்.
ஒரு மூச்சு இழுத்து
நினைவகம் போதவில்லை என்று எழுதிவிட்டு
நின்றுபோனது.

சரி, துண்டு போடுவோம்.
ஒரு படத்தை நாலாக வெட்டி, விளிம்பு கொஞ்சம் மேலேறவிட்டு,
வாய் வாயாக.
ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு காலை.
நடுவில் மூன்றுதரம் கரண்ட் போய்
யுபிஎஸ் குருவிக்குஞ்சாய்க் கத்தியது.
வாழவந்தான் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து
மேசைவிசிறியைத் திருப்பிவிட்டுப் போனான்.
அறையெல்லாம் சுட்ட கருவாட்டு வாசம்;
அது கார்டிலிருந்தா கீழிருந்தா என்று
நான் போய்ப் பார்க்கவில்லை.

ஏழு.

ஏழாவதற்குப் பழையது தந்த நம்பிக்கை
நூற்றுக்கு ஐம்பத்தொன்று.
புதியது தந்தது ஐம்பத்துமூன்று.
பத்து மடங்கு விலைக்கு
இரண்டு கூடுதல்.

போனில் காட்டினேன் இன்னாசியிடம்.
வலைக்குள் கையை விட்டபடியே
எட்டிப் பார்த்தார்.
"குட்டியாயும் இருக்கும்.
சாக்காயும் இருக்கும்.
டீசல் போடு, போய்ப் பாப்போம்."
பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:
"அது இந்நேரம் அங்க நிக்குமாக்கும்?"

மேசையில் மூன்று வருஷ அறிக்கைகள்.
ஆறு, நாலு, ஒன்பது, ஐந்து.
கையெழுத்து என்னுடையது.
எந்த எண்ணின் விலாவில்
எது ஒட்டிக்கொண்டு போனதோ.

இருநூற்றுப் பதினாலு வீடியோ.
முப்பத்தொரு நிமிஷமாய்ப் பெருக்கினால்
ஐந்து நாள் சொச்சம்.
பழையதிடம் கேட்டிருந்தால்
முக்கால் வருஷம்;
கேட்டிருக்கவே மாட்டேன் என்பது வேறு கதை.

முதல் வீடியோவைப் புதியதற்குப் போட்டேன், முழு அளவில்.
பழையதைக் களிம்பு சுரண்டி
பக்கத்துப் பெட்டியில் செருகச் சொன்னேன்.
"எதுக்குக்கா?"
ஐம்பத்துமூன்று என்று இது சொல்லும்போது
இன்னொருத்தரையும் கேட்க ஆள் வேண்டும் என்றேன்.
அவன் தலையைச் சொறிந்தான்.

கீழே கம்ப்ரெஸர் எழுந்தது.
குழல்விளக்கு கண்ணை மூடியது.
ஐந்து விசிறிகளும் ஒருகணம் தணிந்து
பிடித்துக்கொண்டன.