பால் குடிக்கும் காது

ஓட்லாண்ட்ஸ் தாண்டி, நெடுஞ்சாலையில்
இரவு லாரியில் அடிபட்ட வாலபியின் பைக்குள்ளிருந்து
டூகல் பைபஸ் அதை எடுத்துவந்தார்.
கம்பளித் தொப்பிக்குள் அது,
சட்டைக்குள் தொப்பி.
மயிர் இல்லை. கண் திறக்கவில்லை.
எடை ஒரு முந்திரிப்பருப்பு.
வாயில் இன்னும் காம்பு:
இழுக்கக் கூடாதென்று தெரிந்து
தாயிடமிருந்து காம்பையே அறுத்திருக்கிறார்.

"பிழைக்குமா?"
பரிசோதனைக்கூடம் அதிரக் கேட்டார்.
மரமறுக்கும் இயந்திரம் இருபது வருடமாய்
அவர் காதையும் சேர்த்து அறுத்திருந்தது.
பிழைக்காது என்று எழிக் காட்டாமல்
தலையை மட்டும் ஆட்டினேன்.

ஹோபார்ட்டில் மழை விடாத ஒரு வியாழன்
மறுபடி வந்தார். என்ன ஆயிற்று என்றார்.
கண்ணாடிச் சில்லில் இருக்கிறது, பாருங்கள்.
நீலம் குருத்தெலும்பு. சிவப்பு எலும்பு.
கீழ்த்தாடையின் சிவப்பு பின்னோக்கி வளர்ந்து வளர்ந்து
மண்டையோட்டைத் தொடுமுன் நின்றுவிட்டது.
நடுவே ஒரு மயிரிழை இடைவெளி.
உங்களுக்கும் எனக்கும் கீல் இருக்கிற இடம் அது.
இதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பிறகு எதை அசைத்துக் குடித்தது?

அந்த நீலத் தண்டு. அதன் கடைசி முனை
இன்னொரு நீலக் கட்டியில் சாய்கிறதே, அங்கே.
பல்லிக்கு அதுதான் ஆயுளுக்கும் தாடைக்கீல்.
இது இன்னும் சில நாள் இருந்திருந்தால்
சிவப்பு போய் மண்டையைத் தொட்டிருக்கும்,
புதுக் கீல் விழுந்திருக்கும்,
தண்டு நடுவில் கரைந்து
முனை மட்டும் தாடையை விட்டுக் காதுக்குள் போயிருக்கும்.
சுத்தி எலும்பு. பக்கத்துக் கட்டி, பட்டடை.

நமக்கு?
நமக்கு அதெல்லாம் வயிற்றிலேயே முடிந்துவிடும்.
இருட்டு நீரில் யாருக்கென்றில்லாமல்
வாய் திறந்து மூடிப் பழகுவோம்.
பழகாவிட்டால் கீலின் இடுக்கு திறக்காது.

நுண்ணோக்கியை விட்டு அவர் கண் எடுக்கவில்லை.
"அப்போ, குடித்து முடித்தால்தான் கேட்குமா?"

ஆமாம் என்றேன். கேட்கவில்லை அவருக்கு.
ஆமாம் என்று கத்தினேன்.

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
இரண்டு விரல் காதுக்கு முன்னால்.
வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
இடப்பக்கம் ஏதோ சொடுக்கியது.
எனக்குக் கேட்கவில்லை.
"இது மட்டும் நல்லாக் கேட்கிறது"
என்று சிரித்தவர், சில்லைப் பார்த்து நிறுத்தி,
"எத்தனை நாள் தேவைப்பட்டிருக்கும்?" என்றார்.

பத்து. பன்னிரண்டு.

கருவியை மாட்டிக்கொள்ளாமலே
மழைக்குள் இறங்கிப் போனார்.