பதினோரு நிமிடம்

நூற்று நாற்பத்திரண்டை நேற்று அறுத்தேன்.
சட்டைப் பொத்தான் அளவு மின்கலம்.
அவசரமாய் மின்னூட்டியதில்
கிராஃபைட் அடுக்குக்குள் போக முடியாமல்
வாசலிலேயே குவிந்த லித்தியம்
பாசியாய்ப் படர்ந்து, பிறகு முள்ளாய் முளைத்து
நடுத்திரையைக் குத்திக் கிழித்திருந்தது.
எள் விழ இடமில்லாத கூட்டம்
ஒற்றைக் கதவை முட்டிய மாதிரி.

எனவே இம்முறை, கதவுகள்.
டைட்டேனியம் ஆக்சைடில் குழல்கள்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
ஆயிரத்தை நெருக்கி நிறுத்தலாம்.
எங்கிருந்து நுழைந்தாலும்
நாலு எட்டில் வீடு.

வாசல் பெருகினால் தூசியும் பெருகும்.
அத்தனை பரப்பிலும் மின்பகு திரவம் உரசிச் சிதைந்து
கொஞ்சம் கொஞ்சமாய்க் கொள்ளளவைத் தின்னும்.
அறிக்கையில் அதைச்
சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன்.

ஆர்கான் பெட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டு
நூற்று நாற்பத்து மூன்றை அழுத்தி மூடினேன்.

மூன்றாம் நாள் காலை.
ஐந்நூறு சுற்று. திரையில் கோடு சாயவில்லை.
ஒவ்வொரு முறையும் இரண்டே நிமிடத்தில் நிறைகிறது.
யாரிடமாவது சொல்ல வேண்டும்.
கூடத்தில் ஒருவரும் இல்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.

ஓவுலுவில் அப்போது மைனஸ் இருபத்தி நாலு.
கடைசி நிறுத்தத்தில் எட்டாம் எண் பேருந்து
கூரைக் கொம்பை உயர்த்தி
மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது.
ஓட்டுநர் ஊர்ஹோ துமிசாரி
ரை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"பதினோரு நிமிடம் இனி வேண்டாம்," என்றேன்
மூச்சு வாங்க. "இரண்டு போதும்."

மென்று முடித்தார். அவசரமே இல்லை.
"முதல் அஞ்சு நிமிடம் இந்த ரொட்டி.
அப்புறம் கழிப்பறை. அது அந்தக் கோடியில்.
மிச்சத்தில் மகளுக்கு போன்.
நேரம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள்,
மின்னூட்டம் பேருந்துக்கு மட்டும் என்று.
இரண்டாக்கினால் எதை விடட்டும், ரீக்கா?"

என்னிடம் வரைபடம் இருந்தது.
அதையா காட்டுவது?

கொம்பு இறங்கியது. ஏழு பேர் ஏறினார்கள்.
ஒரு பையன் மட்டும்
உறைபனியில் வழுக்கி, சிரித்து, ஏறினான்.
நான் நடந்தே திரும்பினேன்.

நூற்று நாற்பத்து நான்குக்கு
குழலின் சுவர் இன்னும் மெலிய வேண்டும்.
குறிப்பேட்டில் அதை எழுதினேன்.
கீழே, அலகு எதுவும் போடாமல்,
ஒன்பது, யாருக்கு?
என்று எழுதி
அடிக்கவும் மனமில்லை,
அடிக்கோடு இடவும் மனமில்லை.
மை காய்வதற்குள்
பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.
எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தது,
தலைகீழாக.