வில்லங்கமின்றி

விருத்தாசலம் சார்பதிவகத்துக்கு எதிரில்
ஜெராக்ஸ் கடை நிழலில் என் மேசை.
கொளஞ்சிநாதன் பாலிதீன் பையிலிருந்து எடுத்தான்
1911ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம்.
மடிப்பெல்லாம் கிழிந்து
எட்டுத் துண்டாய்க் கிடந்தது.

"சத்தம் போட்டுப் படிங்க."

கிழக்கே சின்னாண்டிப் படையாச்சி புஞ்சை
மேற்கே வண்டிப்பாதை
வடக்கே வாய்க்கால்
தெற்கே அய்யனார் இலுப்பைத்தோப்பு
இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட
ஏக்கர் இரண்டு சென்ட் பதினேழும்
அதிலடங்கிய நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்
சகலமும் சந்திர சூரியர் உள்ளவரைக்கும்...

"நிதின்னா?"
புதையல்.
"நிட்சேபம்?"
புதைத்து வைத்தது.
"பாஷாணம்?"
கல். விஷமில்லை, கல்.

"அப்ப பழுப்பு நிலக்கரி இதுல எது?"

முப்பத்தோரு வருஷம்
மூச்சுவிடாமல் எழுதிய வரி.
பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி,
அர்த்தத்துக்கு யாரும் கேட்டதில்லை.
இதற்கு மூத்த வரி ஒன்று கோயில் கல்வெட்டுகளில் உண்டு:
மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்.
கிணறு எதுவரை கீழ்நோக்கலாம்?
கல்லும் சொல்லவில்லை.

அடுத்து அவன் நீட்டியது கெஜட் நகல்.
மேற்படி நிலம் இன்ன தேதி முதல்
எவ்வித வில்லங்கமுமின்றி
அரசைச் சேரும்.
முந்திரிக்கு ஒரு விலை, மோட்டார் கொட்டகைக்கு ஒரு விலை.
நிதிக்கும் நிட்சேபத்துக்கும்
படிவத்தில் கட்டமே இல்லை.

"வில்லங்கமில்லாமன்னா?"
அடமானம், பாகத் தகராறு, கோர்ட்டுத் தடை
இதெல்லாம் இல்லாமல்.
"நான் அங்க குடியிருக்கேனே."
அவன் சிரிக்கவில்லை.
நானும்தான்.

ஆட்சேபணைக்குத் தேதி போய்விட்டது என்றேன்.
தெரியும் என்றான்.
வெள்ளைத்தாள் ஒன்று போதும்,
மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது.
அவர் பேரைத்தான் இவனுக்கு வைத்திருக்கிறார்கள்.

அதற்கும் அதே மாதிரிதான்.
அனுப்புநர், பெறுநர்.
பொருள்: கீழெல்லை நிர்ணயம் செய்துதரக் கோருதல்.
தாளைச் சுருட்டி வேலில் கட்டுமுன் கட்டணம் உண்டு,
பிராதுக்காரன் ஊரிலிருந்து சாமி வரைக்கும்
கிலோமீட்டர் கணக்கு.

"உங்க ஊர் எத்தனை?"
"பதினெட்டு."
மணி பார்த்தான். பஸ் வரவில்லை.
"தோண்டின பெறவு எழுதினா
ஆழத்தையும் சேத்து அளப்பாங்களா?"

பேனாவுக்கு மூடி தேடுகிற மாதிரி
கொஞ்ச நேரம் மேசைக்கடியில் குனிந்திருந்தேன்.