எடைமேடை

வாளையாறு சோதனைச்சாவடிக்கு நூறடி தள்ளி
டயர்க்கடைக்கு மேல்மாடியில் என் ஜிம்.
நாலே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்கினால்
கணவாய்க் காற்று எனக்கு முன்னால் உள்ளே போய்
வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

சுவரில் ஒரு படம் இருந்தது.
வயிற்றில் ஆறு கட்டு வைத்த வெள்ளைக்காரன்,
கீழே பெரிய எழுத்தில் ‘விடாதே’.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவன் மாதிரித் தெரியவில்லை.
போன மழையில் அவன் முழங்கால்வரை பூஞ்சை ஏறியது.
கழற்றி டயர்க்கடையில் கொடுத்துவிட்டேன்,
பஞ்சர் ஒட்டும்போது கீழே விரித்துக்கொள்ள.

கஞ்சிக்கோடு ஆலையிலிருந்து வரும் சுலைக்கா கேட்டாள்,
தினமும் உங்களுக்கு மட்டும் எப்படி மாஸ்டர்
இந்த உற்சாகம் வருது?
வருவதில்லை, சுலைக்கா.
நான் வருகிறேன். அது சில நாள் பின்னாலேயே வரும்,
சில நாள் கட்டஞ்சாயா குடிக்க நின்றுவிடும்.
ஷூ லேஸ் கட்டும்போது யோசிக்க ஆரம்பித்தால்
அன்றைக்கு அவ்வளவுதான்.

மயில்சாமி நாசிக் வெங்காயம் ஓட்டுகிறவர்.
வந்த அன்று நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
டாக்டர் சர்க்கரை என்றார். மனைவி குறட்டை என்றாள்.
கிளீனர் பையன் ஒன்றும் சொல்லவில்லை,
வண்டியிலிருந்து இறங்கும்போது
கைகொடுக்க மட்டும் ஆரம்பித்திருந்தான்.
அதுதான் சுட்டது மாஸ்டர் என்றார்.

மாதத்தில் பத்து நாள்தான் ஊரில் இருப்பார்.
நிறுத்துகிற இடத்தில் லாரியை இருபது சுற்று நடங்கள் என்றேன்.
ஒதுங்க இடம் கிடைக்காதென்று
தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள்.
பட்டினி வேண்டாம்,
அது ராத்திரி பதினொரு மணிக்கு
தாபா வாசலில் நின்று வட்டியோடு வசூலிக்கும்.
தலையாட்டினார். எல்லோரும் ஆட்டுவார்கள்.

இரண்டரை மாதம் கழித்து என் மெஷினில் நூற்றெட்டு.
இத்தனைக்கும் நாலுதானா என்று
முகம் தொங்கிப்போனது.
நாலு கிலோ வெங்காயத்தைத் தூக்கிப் பாருங்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
வெங்காயம் ஓட்டுகிறவரிடம்
வெங்காயத்தைப் பற்றி என்ன சொல்வது.

அன்று எதிரே எடைமேடை காலியாக இருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்,
அறுபது டன் தாங்கும் இரும்பின் நடுவில்
ஒற்றை ஆளாக.
பிஜேஷ் கண்ணாடியைத் தள்ளி, எந்தா அண்ணா என்றான்.
சிவப்பு எண் கண் விழித்தது: 100.

மாஸ்டர், இருபது கிலோ!
சாலைக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.
என்னிடம் சேர்வதற்கு முன்பே
ஒருமுறை யாருக்கும் தெரியாமல் ஏறியிருக்கிறார்,
அப்போது நூற்றிருபது காட்டியதாம்.
இரண்டு சிமெண்ட் லாரிகள் ஹாரன் அடித்தன,
அவர் இறங்குவதாக இல்லை.

அந்த மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்.
நூற்றுப் பன்னிரண்டை மேலே தள்ளிவிடும்,
நூற்றெட்டைக் கீழே.
ஜன்னலில் நின்றபடி நான் வாயைத் திறக்கவில்லை.
தராசைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்பது
நானே எழுதி ஒட்டிய விதி.
இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் சொல்லிவிட்டேன்.
சிரித்தார்.
முப்பது வருஷமா அதுல ஏறி இறங்குறேன் மாஸ்டர்,
அதோட கணக்கு எனக்குத் தெரியாதா?
பிறகு சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து
வெள்ளைக்காரன் இருந்த ஆணியில் குத்தினார்.
வண்டி எண்: கோடு.
சரக்கு: கோடு.
காலி எடை: 100.

இன்று ஆறரைக்கு அவருக்கு லோடு.
சன்னமாகத் தூறுகிறது.
வனத்துக்குள் ரயில் ஒன்று
யானைகளுக்காக வேகம் குறைத்துப் போகும் சத்தம்.
பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றுக்கு மேலாக எக்கி,
லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் பேச்சுக் கொடுக்கவில்லை.