இரண்டு தொட்டி

டிலி நகரத்தில், கொமோரோ பாலத்துக்கு இப்பால்
என் சலவைக்கடை.
பெயர்ப்பலகை கிடையாது. கொடியில் தொங்குவதுதான் விளம்பரம்:
ராணுவத்தின் பச்சைப்புள்ளிச் சட்டை,
போலீஸின் நீலம்,
இடையில் எப்போதாவது பாதிரியாரின் வெள்ளை.

முதலிலிருந்தே எனக்கு இரண்டு தொட்டி.
நீலம் புதுத்துணி, சாயம் விடும்.
பச்சையோடு ஊறினால் இரண்டும் கெடும்.
அவ்வளவுதான் காரணம்.
பின்னால் வந்து விசாரித்தவர்கள் நம்பவில்லை.
"முன்பே தெரியுமா உனக்கு?
இல்லாவிட்டால் எதற்கு இரண்டு தொட்டி?"

நாடு வந்து நான்கு வருடம்.
நோட்டு அமெரிக்காவுடையது,
சில்லறை மட்டும் எங்களுடையது.
சேவல் போட்ட பத்து. நெற்கதிர் போட்ட ஐந்து.
சட்டைப்பையிலிருந்து தொட்டிக்குள் அது உதிரும்போது
கிணுங்கென்று ஒரு சத்தம்.
எடுத்துத் துடைத்து, ரசீது எண் எழுதிச் சுருட்டி
தகர டப்பாவில் போட்டுவைப்பேன்.
எந்த நிறத்துப் பையிலும் அதே சாமான்தான்:
வேர்க்கடலைத் தோல், தீர்ந்துபோன போன் கார்டு,
அறுந்த ஜெபமாலை,
சேவல்சண்டையில் தோற்ற கணக்கு.

அந்த வருடம் மழை விட்டதும் பச்சை குறைந்தது.
மேற்குப் பக்கத்துப் பையன்கள் மனு எழுதிக் கொடுத்துவிட்டு
முகாமை விட்டு வெளியேறினார்களாம்.
பிறகு ஒரு வியாழக்கிழமை
பச்சை நீலத்தைச் சுட்டது.
வானொலி அதைத் "துரதிர்ஷ்டம்" என்றது,
அடுத்து கால்பந்து.

மறுநாள் பாலத்தில் பையன்கள்,
கவணில் கம்பி தீட்டிய அம்பு.
கேள்வி ஒன்றே ஒன்று:
எழுஞாயிறா, படுஞாயிறா?
அனிசெட்டோ பவுகாவ்க்காரர், எழுஞாயிறு.
நான் எர்மேரா, காப்பி மலை, படுஞாயிறு.
எங்கள் கல்யாணத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை.
எருமை எத்தனை என்றுதான் சண்டை நடந்தது.

விமான நிலையத்து எதிரே தார்ப்பாய் முகாமுக்கு
அனிசெட்டோ கிளம்பினார்.
ஒரு பாய், ஒரு வாளி,
என் கரி இஸ்திரிப்பெட்டி.
"அது எதற்கு?"
"கனமாக ஏதாவது கையில் இருக்கட்டும்."

நான் போகவில்லை. போயிருக்கலாம்.
முகாமில் என் பேச்சை இரண்டே வார்த்தையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.
இங்கே இருந்தால் அவர் பெயரைச் சொல்லிக் கல் எறிவார்கள்.
கல்லுக்குக் கூரை உண்டு என்று கணக்குப்போட்டேன்.

கப்பலில் வெளிநாட்டுச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள்.
நல்ல உயரம், மண்நிற உடை.
துவைக்கும் இயந்திரமும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள்.

யாரும் திரும்ப வாங்காதது முப்பத்தேழு உருப்படி.
எந்த நிறத்தை வெளியே காயப்போட்டாலும் ஆபத்து.
படுக்கையறையில் கயிறு கட்டினேன்.
ராத்திரியில் அத்தனை கைகளுக்கும் கீழே படுத்திருப்பேன்.
சொட்டுச் சொட்டாக நீர்.
சில ராத்திரி எழுந்து
சட்டைகளைத் திருப்பித் தொங்கவிடுவேன்,
முதுகு என் பக்கம் இருக்கும்படி.

ஆகஸ்டில் ஒருத்தி வந்தாள்.
வயிறு ஏழு மாதம் இருக்கும்.
ரசீது இல்லை.
"நீலம், மானா. இடது கைப் பொத்தான் மட்டும் கறுப்பு. நான் தைத்தது."
இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.
மடிப்பைப் பிரிக்காமல் முகத்தில் வைத்துக்கொண்டாள்.
வைத்தபடியே கேட்டாள்:
"துவைத்துவிட்டீர்களா?"

துவைத்தேன்.
கஞ்சியும் போட்டேன்.
என் கடையில் வாசம் நிற்காது என்று
ஊரெல்லாம் பெயர் எனக்கு.

காப்பிக்கிளை போட்ட ஐம்பது சென்டாவோ வைத்தாள்.
இஸ்திரி போடவில்லை, பெட்டி இங்கே இல்லை என்று சொல்லி
பாய்மரப்படகு போட்ட இருபத்தைந்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதை எடுக்காமலே போய்விட்டாள்.

தகர டப்பாவில் இருக்கிறது.
எண் எழுதவில்லை.